வெள்ளிக் குதிரையும் கொல்லாங்கொட்டையும்

என் வயசுக்காரர்களே, உங்கள் தெருவுக்கு எப்போதாவது சாமி விருந்தாளியாக வந்து பத்து நாள் தங்கியதுண்டா? எங்கள் தெருவுக்கு வந்தார். வருஷம் தவறாமல் வந்தார். வெள்ளிக் குதிரையோடு வந்தார். இதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு வாங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரத்து நவராத்திரிக்கு மூன்று பேர் தெற்கிலிருந்து புறப்பட்டு வருவார்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் வருவாள். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் வருவாள். வேளிமலையிலிருந்து குமாரசாமி, அதாவது முருகன், இன்னொரு பல்லக்கில் வருவார். மூன்று நாள் நடை. சரஸ்வதி நேராகக் கோட்டைக்குள் போய்விடுவாள், நங்கை செந்திட்டைக் கோயிலுக்குப் போய்விடுவாள். முருகன் மட்டும் எங்கள் சாலைக் கடைத்தெருவை ஒட்டி, ஆரியசாலைக் கோயிலில் வந்து இறங்குவார். ஒன்பது நாள் அங்கே இருப்பு. விஜயதசமியன்று வெள்ளிக் குதிரை ஏறிப் பூஜப்புரைக்குப் போய் வருவார். மறுநாள் ஓய்வு. அதற்கு மறுநாள் மலைக்குத் திரும்பிவிடுவார்.

எங்கள் அப்பாவின் ஊர் அந்த வேளிமலை அடிவாரம். பிழைக்க வந்த இடம் சாலை என்ற இந்தப் பேட்டை. கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் அவருக்குச் சரக்குப் பொறுப்பு. ஆணி, கீல், சங்கிலி, மண்வெட்டி, கிணற்றுக் கப்பி என்று எது எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். விழிஞ்ஞத்திலிருந்து தூண்டில் முள் வாங்க வருகிறவர்கள் முதலாளியைத் தாண்டிக்கொண்டு அப்பாவைத்தான் தேடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வேட்டியில் துரு வாசனை அடிக்கும். குளித்துவிட்டு வந்தால் திருநீற்று வாசனை. துருவா திருநீறா என்பதை வைத்தே நாங்கள் மணி சொல்லிவிடுவோம்.

பக்திமான்தான். ஆனால் வீட்டை மறந்து கோயிலே கதியென்று கிடக்கிற ஆள் இல்லை. காலையில் பூஜை முடிந்த கையோடு எனக்குத் தலை பின்னிவிடுவார். அம்மாவுக்குத் தம்பியைப் பார்க்கவே நேரம் போதாது, யாராவது பின்னத்தானே வேண்டும். அப்பா போட்ட பின்னல் சாயங்காலம் வரை அசையாது. கரமனையில் இருந்த எங்கள் தாய்மாமா இதைப் பார்த்தால் சும்மா விடமாட்டார்.

"என்ன அத்தான், கடையில கட்டுக்கம்பி முறுக்குத பழக்கமா?"

"பிள்ளைக்க தலையும் ஒரு பொறுப்புத்தானே மாப்பிளே," என்பார் அப்பா, சீப்பை வாயிலிருந்து எடுக்காமலே.

அப்பாவுக்கு ஆண்பிள்ளைத்தனம் போதாது என்பது மாமாவின் தீர்ப்பு. குடும்பத்தில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். நானும் கொஞ்ச காலம் நம்பியிருக்கிறேன், அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அப்பாவுக்கு முருகன் சாமி மட்டும் இல்லை, சொந்த ஊர்ப் பையன். நவராத்திரிக்கு ஒரு மாசம் முன்பே, "நம்ம பையன் வாற காலமாச்சு," என்று வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுவார். கிணற்றடிப் பாசியைத் தேய்ப்பார். பாய்களையெல்லாம் கழுவிக் காயப்போடுவார். முருகன் எங்கள் வீட்டுக்குள் வரப்போவதில்லை, இரண்டு தெரு தள்ளிக் கோயிலில் இருக்கப்போகிறார். ஆனால் ஊரிலிருந்து வந்தவன் நம் வீட்டை ஒரு தடவையாவது எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டான் என்பது அப்பாவின் கட்சி. பாய் அழுக்காக இருந்தால் அவன் என்ன நினைப்பான் என்பார்.

வருஷா வருஷம் முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு, மோட்டார் பஸ் ஏறித் தக்கலைக்குப் போவார். அங்கிருந்து முருகனோடு நடந்தே திரும்பி வருவார். கல்யாணமான வருஷம் தொடங்கிப் பதினான்கு தடவை நடந்திருந்தார், ஒன்றைக்கூட விட்டதில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாங்கள் கிள்ளிப்பாலத்தில் கூட்டத்தோடு நிற்போம். முதலில் மேளம் கேட்கும். பிறகு தீவட்டி எண்ணெயின் புகை, யானையின் வாடை, கற்பூரம். அண்ணனுக்கும் எனக்கும் அப்பாவை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி. கையில் ஓலைக்குடையும், தோளில் மூட்டையும், கல்யாணத்துக்குப் போய்வந்த களையோடு ஒரு முகமுமாக வருவார். வந்ததும் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அந்த ஓலைக்குடையெல்லாம் இப்போது எங்கே போயிற்றோ, அதன் மேல் மழை விழுகிற சத்தத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் சொல்லவந்தது எனக்கு ஒன்பது வயசான வருஷத்துக் கதை. சாலையில் மின்விளக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும்.

முந்திரியை எங்கள் வீட்டில் கொல்லாங்கொட்டை என்போம். கோடையில் அத்தை ஊரிலிருந்து ஓட்டோடு கொடுத்தனுப்புவாள். அம்மா அதைக் காயவைத்து, மண்பானையில் கொட்டி, வாயைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். நவராத்திரிப் பாயசத்துக்கென்று ஒதுக்கியது. அதைத் தொட்டால் கை இருக்காது என்று எங்களிடம் சொல்லியிருந்தாள்.

உங்களில் கொல்லாங்கொட்டை சுட்டவர்கள் இருப்பீர்கள். அந்த ஓட்டுக்குள் ஒரு கறுப்பு எண்ணெய் உண்டு. நெருப்பில் போட்டால் சீறிக்கொண்டு வெளியே வரும், பட்ட இடம் பொத்துப்போகும். அதனால்தான் பெரியவர்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உடைப்பார்கள். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயசு, அவனுக்கு இது தெரியும். எனக்குத் தெரியாது, அவன் சொல்லவும் இல்லை.

அம்மா தம்பியோடு கண்ணயர்ந்த ஒரு மத்தியானம், விறகுக் கொட்டகைக்குப் பின்னால், உடைந்த சட்டி ஓட்டில் இரண்டு கை கொட்டையைப் போட்டு நெருப்பு மூட்டினோம். நான்தான் குனிந்து ஊதினேன், அண்ணன் எட்டவே நின்றான். கொட்டைகள் வெடித்தன, புகை மூஞ்சியில் அடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறுவதற்குள் பாதி வெந்த கொட்டையைப் பல்லால் கடித்து உடைத்தேன். விரல், உதடு, கன்னம், மோவாய் எல்லாம் கறுப்பு. ருசியைக் கேட்காதீர்கள், அதற்குப்பின் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன், அந்த ருசி வாய்க்கவில்லை. ஓடுகளை மண்ணைத் தோண்டிப் புதைத்தோம். மணலைப் போட்டு முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டேன்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலைதான் அப்பா தக்கலைக்குப் புறப்படவேண்டிய நாள். அவலும் கருப்பட்டியும் மாற்று வேட்டியும் கட்டிய மூட்டை தோளில் ஏறிவிட்டது. அப்பாவை வழியனுப்ப அம்மா என்னை எழுப்பி வெளிச்சத்துக்கு இழுத்து வந்தாள். என் முகம் வீங்கி, கன்னம் முழுக்க நீர்க் கொப்புளம். விரல்களிலும் கொப்புளம். உடம்பும் சுட்டது.

அம்மா என்னை நோக்கிக் கை கூப்பினாள்.

"முத்து போட்டிருக்கு," என்றாள். "முத்தாரம்மன் வந்திருக்கா. இனி நீங்க போகப்பிடாது."

அம்மை என்ற பேரையே வாயால் சொல்லத் தயங்குகிற காலம் அது. அம்மை கண்ட வீட்டில் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை யாரும் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, சாமி வருகிற வழியில் எதிரே நிற்கக் கூடாது. கொப்புளம் எல்லாம் உதிர்ந்தால்தான் முதல் தண்ணீரே ஊற்றுவார்கள்.

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தோளிலிருந்த மூட்டையை இறக்கிவைத்தார். "சரி," என்றார்.

அண்ணனையும் தம்பியையும் தன் வீட்டுக்கு அழைத்துப்போக மாமா வந்தார். படலைத் தாண்டாமல் தெருவிலேயே நின்றுகொண்டு அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது.

"அத்தான், வேப்பிலையைக் கட்டாம இருந்தா ஆருக்குத் தெரியும்? பதினாலு வருஷத்து நடையாக்கும். நீரு பாட்டுக்குப் போயிட்டு வாரும்."

"முருகனுக்குத் தெரியும்லா மாப்பிளே."

"அவன் பொறுத்துக்கிடுவான்."

"அவன் பொறுப்பான். வழி நெடுக அவனைப் பாக்கப் பச்சப்பிள்ளையளைத் தூக்கிட்டு வருவாங்க. அதுகளுக்கு ஒட்டிச்சுன்னா ஆரு பொறுப்பா?"

அப்பா தானே போய் வேப்பங்கொத்தை ஒடித்துவந்து வாசலில் கட்டினார். மாமா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் புறப்படுமுன் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "ஏ பிள்ளே, அது கொட்டை எண்ணெயாக்கும். வாயைத் தொறந்தேன்னா ரெண்டு பேருக்கும் தொலி உரிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான். எனக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அப்பா ஓடிப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார். முதலில் அடிக்குப் பயந்து சொல்லவில்லை. அதற்குப்பின் சொல்லாமலிருந்ததற்குக் காரணம் வேறு. நாளுக்குப் பத்துத் தடவை என் தலையில் குட்டுகிற அம்மா என்னைத் "தாயே" என்று கூப்பிட்டாள். வெள்ளை வேட்டி விரித்த படுக்கை, வேளைக்கு ஓர் இளநீர், பனை நுங்கு கிடைக்காத மாசத்தில் எங்கிருந்தோ தருவித்த நுங்கு. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அப்பா நாள் முழுக்க வீட்டில் இருந்தார். அம்மை வீட்டு ஆள் கடைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பிவிட்டார். விடிந்தால் துருவோடு போகிற அப்பா, பகலெல்லாம் என் பாயருகே வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும். அண்ணன் இல்லை, தம்பி இல்லை.

எரிச்சல் என்னவோ உயிர்போகிற எரிச்சல். கன்னத்தில் தணல் வைத்தது மாதிரி இருக்கும். நான் முனகினால் அப்பா முருகன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லத் தொடங்குவார்.

"இப்போ குழித்துறைப் பாலம் ஏறுவான் மக்களே. ஆத்துல தண்ணி நிறைய கெடக்கும். பல்லக்குத் தூக்குதவன் ஒருத்தனுக்கு அங்கதான் எப்பமும் கால் சறுக்கும். நான் அவன் தோளைப் பிடிச்சுக்கிடுவேன்."

"இந்த வருஷம் ஆரு பிடிப்பாங்கப்பா?"

"ஆராவது பிடிப்பாங்க," என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் விசிறாமல் இருந்தார்.

மறுநாள் நெய்யாற்றின்கரை. அதற்கு மறுநாள் சாயங்காலம் கிள்ளிப்பாலத்திலிருந்து மேளம் கேட்டது. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது, கால் தானாக ஆடியது. அப்பா எழுந்து குளித்தார், திருநீறு பூசிக்கொண்டார். வாசல் பக்கம் போகக் கூடாதல்லவா, பின்கட்டுக்குப் போய்க் கிணற்றுச் சுவரைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டு நின்றார். மேளம் கிட்டே வந்து, பெரிதாகி, ஆரியசாலைப் பக்கம் திரும்பி, நின்றது. பாசி தேய்த்துப் பளிச்சென்றிருந்த அந்தச் சுவருக்கு முன்னால் அவர் நின்றதைப் பார்த்த பிறகு எனக்கு இளநீர் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மலையாளத்து டீச்சர் இருந்தார். ஐந்து நாள் கழித்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"இது கண்டிட்டு அம்மை மாதிரி இல்லல்லோ. கையில மட்டும், முகத்துல மட்டும் வருமோ? மேலெல்லாம் சுத்தமா இருக்கே."

"ஆத்தாளைச் சோதிக்காதீங்க டீச்சரே," என்று அம்மா என்மேல் துணியை இழுத்து மூடிவிட்டாள். டீச்சர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

இனி நான்தான் சொல்லவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். விஜயதசமிக்கு இன்னும் ஐந்து நாள். இன்றைக்குச் சொன்னால் அப்பா வெள்ளிக் குதிரையைப் பார்த்துவிடலாம். அடி விழுந்தால் விழட்டும் என்று எழுந்து உட்கார்ந்தேன். அம்மா கூட்டிக்கொண்டிருந்தாள், அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"இது முத்து இல்ல," என்றேன், இருந்த தைரியத்தையெல்லாம் சேர்த்து உரக்க. "கொல்லாங்கொட்டை. கொல்லாங்கொட்டைதான்."

அம்மாவின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. அப்பா எழுந்து நின்றார். அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அம்மா என் காலடியில் விழுந்து கிடக்கிறாள்.

"கேட்டீங்களா. ஆத்தா வாய்தொறந்து கேக்கா. கொல்லாங்கொட்டை வேணும்ங்கா. பரணுல கட்டிவச்சது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க."

"நான் சுட்டுத் தின்னேன்," என்றேன் அழுதுகொண்டே.

"சுட்டுத் தாறேன் தாயே. இப்பமே சுட்டுத் தாறேன்."

அம்மை கண்ட பிள்ளை பேசினால் அது பிள்ளையின் பேச்சு இல்லை, அம்மனின் பேச்சு. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். நான் என்ன செய்யமுடியும், சொல்லுங்கள். அப்பாகூடக் கை கட்டிக்கொண்டு, "வேறென்ன வேணும் தாயே?" என்று பயபக்தியோடு கேட்டார். பெற்ற அப்பா அப்படி நின்று கேட்டால் ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்.

அரை மணியில் பானை பரணிலிருந்து இறங்கியது. அம்மா என் கண்முன்னே முற்றத்தில் வைத்துச் சுட்டாள். முதல் கொட்டையை அம்மனே உடைக்கவேண்டும், அம்மனுக்குச் சாம்பல் எதற்கு என்று அப்படியே என் கையில் கொடுத்தாள். உண்மையைச் சொல்லட்டுமா, வாசனை வந்ததும் எனக்குத் துக்கமெல்லாம் மறந்துவிட்டது. முதல் கொட்டையோடு நான் நிற்கவில்லை. அழுதுகொண்டே உடைத்து, அழுதுகொண்டே தின்றேன். பானை பாதியானது.

பலன் இரண்டாம் நாள் தெரிந்தது. உதிரத் தொடங்கியிருந்த கொப்புளங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை முளைத்திருந்தது. ஆத்தாவுக்கு இன்னும் இறங்க மனசில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். முதல் தண்ணீர் தள்ளிப்போயிற்று.

விஜயதசமி வந்தது. சாலை முழுவதும் பூஜப்புரைக்குக் கிளம்பிய சத்தம். கடைக் கதவுகள் சாத்துகிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம். "வெள்ளிக் குதிரை, வெள்ளிக் குதிரை" என்று தெருவில் எவளோ ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடினாள். அப்பா பின்கட்டில் அதே சுவரைப் பார்த்து நின்றார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தோளில் என்னை ஏற்றிக்கொள்கிற இடத்தில் துண்டு கிடந்தது. எனக்கு ஓவென்று அழுகை வந்தது. வலிக்கிறதாக்கும் என்று நினைத்து ஓடிவந்து விசிறத் தொடங்கிவிட்டார்.

முருகன் மலைக்குத் திரும்பி மூன்றாம் நாள்தான் எனக்கு மூன்றாம் தண்ணீர். வேப்பிலையைக் கழற்றிய கையோடு அப்பா ஆரியசாலைக்குப் போனார். முருகனை இறக்கிவைத்திருந்த இடம் வெறும் தரையாகக் கிடந்ததாம். அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன் என்று அம்மாவிடம் சொன்னார். அன்றைக்கே கடைக்கும் போய்விட்டார். கரமனையிலிருந்து திரும்பிய அண்ணன் யானையின் தந்தம் இத்தனை நீளம் என்று கையை விரித்துக் காட்டினான். அவனை நான் கடித்துவைத்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லமாட்டேன்.

என் முகத்தில் ஒரு தழும்பு விழவில்லை. அம்மையில் தப்பினவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு புள்ளி இல்லை. அப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். "பதினாலு வருஷம் என்னைய நடத்துனான். ஒரு வருஷம், நீ பிள்ளை பக்கத்துல இருடேன்னு நிறுத்துனான். நிறுத்துனதுக்குக் கூலியா முகத்தைத் திருப்பித் தந்தான்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

சொல்வதோடு நிற்கவில்லை. கடைத்தெருவில் யார் வீட்டில் அம்மை என்று கேட்டாலும் போய் உட்கார்ந்துவிடுவார். சொந்தக்காரர்களே எட்டிப் பார்க்காத வீடுகளில் இளநீர் வெட்டிக்கொடுத்து, விசிறிக்கொண்டு, முருகன் குழித்துறை தாண்டுகிற கதையைச் சொல்வார். "எனக்கு ஒட்டாது. என் வீட்டுக்கு வந்துட்டுப் போனவளாக்கும்," என்பார். அந்த வீடுகளில் இருந்தது நிஜமான அம்மை. அவர் திரும்பி வந்து குளிக்கும்வரை நான் வாசலிலேயே நிற்பேன். அப்போதும் நான் சொல்லவில்லை. எத்தனையோ பேர் அவர் கையால் பிழைத்தார்கள், அவருக்கும் ஒன்றும் வரவில்லை. நான் பயந்தாங்கொள்ளி, அதுதான் உண்மை.

மறுவருஷம் தொடங்கி எழுபத்தெட்டு வயசுவரை முருகனோடு நடந்தார். பின்னால் பிறந்த இருவரையும் சேர்த்து எங்கள் ஐந்து பேரைக் கரையேற்றினார். நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு போனபோது, "இனி நம்ம பையன் ராஜ்யம் விட்டு ராஜ்யம்லா வரணும்," என்று சிரித்தார். என் மகளுக்கும் மகளின் மகளுக்கும் பின்னல் போட்டார். அம்மா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது வேறு யாரையும் தொடவிடாமல் அவரே ஊட்டினார். அம்மா போனபின் கரமனையில் அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு சாய்வுநாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தொண்ணூற்று மூன்று வயசு. நவராத்திரி வந்தால் மேளம் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

நான் அவரைப் பார்க்கப் போயிருந்த ஒரு மத்தியானம், அண்ணனின் பேத்தியின் சிநேகிதிகள் நாலு பேர் வந்திருந்தார்கள். அப்பா அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னார். கூலியாக முகத்தைத் தந்தான் என்ற இடம் வந்ததும் அந்தக் குட்டிகள் என் முகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அறுபத்திரண்டு வயசில் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அவர்கள் போனதும் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, எனக்கு அன்னைக்கு வந்தது அம்மை இல்ல. நானும் அண்ணனும் கொல்லாங்கொட்டை திருடிச் சுட்டோம். அந்த எண்ணெ பட்டதாக்கும்."

அப்பாவுக்குக் காது மந்தம். "என்னது?" என்றார். பாவத்தைத் தணிந்த குரலில் சொல்லித் தீர்க்கக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லை. வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். உள்ளேயிருந்த அண்ணன், அறுபத்தைந்து வயசுக்காரன், செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டான். மத்தியானம் இரண்டு மணிக்கு.

அப்பா சாய்வுநாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்போ அந்த வருஷம் நான் போயிருக்கலாமே என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குத்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் பயந்துகொண்டிருந்தேன்.

"கொட்டை எண்ணெயா?" என்றார்.

"ஆமாப்பா."

"அது நெருப்பால்லா எரியும்."

"எரிஞ்சுதுப்பா."

"இருவது நாளு," என்றார். "அம்மை வீட்டுல எண்ணெ ஆகாதுன்னு ஒரு சொட்டு தேங்காயெண்ணெ தொட விடல்லியே நான். ஒரு நேரம் தடவியிருந்தா ஆறியிருக்குமே. எரியுது எரியுதுன்னு கெடந்தியே, நான் வேப்பிலையை வச்சு வீசிக்கிட்டு இருந்தேனே மக்களே."

நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. உள்ளே பார்த்து, "அந்த எண்ணெக் குப்பியை எடுத்துட்டு வாருங்க," என்றார். மதினி ஒன்றும் புரியாமல் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார். பாதி வேட்டியில் சிந்தியது. மற்றக் கையால் என் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். முதலில் வலது கன்னம், பிறகு இடது, பிறகு வாயோரம். ஓரிடம் விடாமல், எங்கெங்கே கொப்புளம் இருந்ததென்று அவருக்கு நினைவிருந்தது.

"கண்ணை மூடு மக்களே," என்றார். "உள்ள போனா கரிக்கும்."